இடைநிலை உலோகங்கள் பாடத்தை எக்ஸாமுக்கு எப்படி ரிவைஸ் பண்றது: ஒரு வெள்ளைத்தாள்ல இருந்து ஆரம்பிங்க

எக்ஸாம் நெருங்குது, மத்த பாடமெல்லாம் ஓரளவு ஓடுது, இந்த இடைநிலை உலோகங்கள் மட்டும் எத்தனை தடவ படிச்சாலும் மண்டைல நிக்கவே மாட்டேங்குதுன்னு சொல்றவங்களுக்காக இதை எழுதுறேன். நான் சாயங்கால நேரத்துல பசங்களுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லித்தர்ற ஆளு. நல்லா படிக்கிற புள்ளைங்களே இந்தப் பாடத்துல மார்க் விடுறதை வருஷா வருஷம் பாக்குறேன், அதுவும் தெரியாம விடுறதில்ல, தெரிஞ்சதையே எடம் மாத்தி எழுதி விடுறது. அதைப் பாக்குறப்போ மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா அவங்க உழைச்சிருக்காங்க.

ஏன் அப்படி ஆகுதுன்னா, புத்தகத்துல இந்தப் பாடம் தலைப்பு தலைப்பா பிரிஞ்சு கெடக்கு. உருகுநிலை ஒரு தலைப்பு, அணு ஆரம் ஒண்ணு, ஆக்சிஜனேற்ற நிலை ஒண்ணு, நிறம், காந்தத்தன்மை, வினையூக்கி, அணைவுச் சேர்மம், உலோகக்கலவைன்னு போய்ட்டே இருக்கும். பசங்க ஒவ்வொண்ணையும் தனித்தனி பதிலா நெட்டுரு போடுறாங்க, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. உண்மைல இந்தப் பண்புகள்ல முக்கால்வாசி ஒரே ஒரு கேள்வில இருந்து வருது: 3டி ஆர்பிட்டால்ல (ஆர்பிட்டால்னா அணுவுக்குள்ள எலக்ட்ரான் இருக்குற எடம்) எத்தனை எலக்ட்ரான் இருக்கு, அதுல ஜோடி சேராம தனியா நிக்கிறது எத்தனை. இதைக் கைல புடிச்சிட்டா மிச்சத்தை நீங்களே கண்டுபுடிச்சு எழுதிடலாம், அதனால நம்ம ரிவிஷன் முழுக்க இந்த ஒரு எண்ணைச் சுத்தியே போகப் போகுது.

முதல் வேலை: புத்தகத்தை மூடிட்டு ஒரு தாள் எடுங்க

குறுக்கால வச்ச ஒரு வெள்ளைத்தாள்ல பத்து கட்டம் போடுங்க. ஸ்கேண்டியம், டைட்டானியம், வனேடியம், குரோமியம், மாங்கனீஸ், இரும்பு, கோபால்ட், நிக்கல், காப்பர், ஜிங்க். அணு எண் 21ல இருந்து 30 வரைக்கும். வரிசை தப்பாம வரணும், இது வரலன்னா மேல போகாதீங்க, இதையே ரெண்டு நாள் எழுதுங்க.

ஒவ்வொண்ணுக்கும் கீழ எலக்ட்ரான் அமைப்பு எழுதணும். (டி5னு நான் எழுதினா டி ஆர்பிட்டால்ல 5 எலக்ட்ரான்னு எடுத்துக்கோங்க.) ஆர்கானுக்கு அப்புறம் ஸ்கேண்டியம் 3டி1 4எஸ்2, டைட்டானியம் 3டி2 4எஸ்2, வனேடியம் 3டி3 4எஸ்2, இப்படியே நேரா போனா குரோமியம் 3டி4 4எஸ்2னு வரணும், ஆனா வராது, 3டி5 4எஸ்1. அதே மாதிரி காப்பர் 3டி9 இல்ல, 3டி10 4எஸ்1. பாதி நெறஞ்ச டி5, முழுசா நெறஞ்ச டி10 ரெண்டுக்கும் கூடுதல் நிலைப்புத்தன்மை இருக்குறதால 4எஸ்ல இருந்து ஒண்ணு இங்க வந்துருது. பத்துல இந்த ரெண்டு மட்டும்தான் விதிவிலக்கு, இந்த ரெண்டு கட்டத்தையும் வேற கலர் பேனால எழுதுங்க. டி0, டி5, டி10 இந்த மூணையும் கண்ணுல பட்டுட்டே இருக்குற மாதிரி வச்சுக்கோங்க, பின்னாடி எதுவெல்லாம் வித்தியாசமா நடக்குதோ அங்கெல்லாம் இந்த மூணுல ஒண்ணுதான் நிக்கும்.

அடுத்தது அயனி. இங்கதான் பெரிய ஓட்டை. அணு எலக்ட்ரானை இழக்குறப்போ 4எஸ் எலக்ட்ரான்தான் முதல்ல போகும், 3டி இல்ல. நிரப்புறப்போ 4எஸ் முதல்ல நெறையுதே, அப்போ கடைசியா வந்த 3டிதானே முதல்ல போகணும்னு எல்லாருக்கும் தோணும், அப்படித் தோணுறது இயல்புதான், ஆனா அப்படி நடக்காது. 

ஒரு பொண்ணு எழுதின விடைத்தாளை ஒரு தடவ உக்காந்து வரிவரியா பாத்தேன். இரும்பு 2+ அயனிக்கு காந்தத் திருப்புத்திறன் (அயனி எவ்வளவு காந்தமா நடந்துக்குதுன்றதோட அளவு, அலகு போர் மேக்னட்டான்) கேட்டிருந்தாங்க. 3டி4 4எஸ்2னு எழுதி, தனித்த எலக்ட்ரான் 4, விடை 4.90 போர் மேக்னட்டான்னு போட்டிருந்தா. விடை சரி! ஏன்னா சரியான அமைப்பான 3டி6லயும் தனித்த எலக்ட்ரான் 4தான். ஆனா அமைப்பு தப்பு, அதனால மார்க் போச்சு, அவளுக்கு எங்க தப்புன்னே புரியல, விடை சரியாத்தானே இருக்குன்னு கேட்டா. அடுத்த கேள்வி இரும்பு 3+, அதுல அதே பழக்கத்துல 3டி3 4எஸ்2னு போட்டு தனித்த எலக்ட்ரான் 3னு எழுதிட்டா, உண்மைல அது 3டி5, தனித்த எலக்ட்ரான் 5, விடை 5.92. ஒரு தடவ தப்பான வழில சரியான விடை வந்துட்டா அந்தத் தப்பு நம்ம கூடவே வந்துரும், அதனால விடையை மட்டும் சரிபாக்காதீங்க, மேல இருக்குற வரியையும் பாருங்க.

வரையறைக் கேள்வி, ஒரு மார்க்தான் ஆனா விடக்கூடாது

அணுவிலோ இல்ல அது தர்ற அயனிலயோ டி ஆர்பிட்டால் முழுசா நெறையாம இருந்தா அது இடைநிலைத் தனிமம். ஜிங்க்கைப் பாருங்க, அணு 3டி10, ஜிங்க் 2+ம் 3டி10. ரெண்டு எடத்துலயும் முழுசு, அதனால டி தொகுதில இருந்தாலும் இடைநிலைத் தனிமம் இல்ல. காட்மியம், மெர்க்குரிக்கும் இதே காரணம்தான். பதில் எழுதுறப்போ அணு, அயனி ரெண்டையும் சொல்லணும், "டி10 இருக்கு அதனால"ன்னு மட்டும் எழுதினா பத்தாது, ஏன்னா காப்பர் அணுவும் டி10தான், ஆனா காப்பர் 2+ வந்து டி9, அதனால காப்பர் இடைநிலைத் தனிமம்.

ஸ்கேண்டியத்துல ஒரு சிக்கல் இருக்கு. அணுவைப் பாத்தா டி1, அப்போ இடைநிலை. ஆனா சில பாடத்திட்டத்துல அயனியை மட்டும் வச்சு வரையறை குடுப்பாங்க, ஸ்கேண்டியம் 3+ல டி காலி, அதனால அங்க அதைச் சேக்க மாட்டாங்க. உங்க புத்தகத்துல வரையறை எந்த வார்த்தைல இருக்கோ அப்படியே எழுதுங்க, இதுல சொந்தமா மாத்தாதீங்க.

காந்தத்தன்மை: சுலபமா மார்க் வர்ற எடம்

தனித்த எலக்ட்ரான் இருந்தா பாராகாந்தத்தன்மை, எல்லாமே ஜோடியா இருந்தா டயாகாந்தத்தன்மை. காந்தத் திருப்புத்திறன் கணக்கு என்னன்னா தனித்த எலக்ட்ரான் எண்ணிக்கையை அதோட ரெண்டு கூட்டின எண்ணால பெருக்கி வர்க்கமூலம் எடுக்கணும், அவ்வளவுதான். 1 எலக்ட்ரான்னா 1ஐ 3ஆல பெருக்கி 1.73, 2க்கு 2.83, 3க்கு 3.87, 4க்கு 4.90, 5க்கு 5.92. இந்த அஞ்சு எண்ணையும் தாளோட ஓரத்துல எழுதிக்கோங்க. முழு எண் பகுதி எப்பவும் தனித்த எலக்ட்ரான் எண்ணிக்கைதான், 3.87ன்னா 3, 5.92ன்னா 5, இது போதும் விடை சரியான்னு ஒரு செகண்ட்ல பாத்துக்க.

இப்ப இதைத் திருப்பிக் கேப்பாங்க. 2+ அயனியோட காந்தத் திருப்புத்திறன் 5.92, அணு எண் என்ன? தனித்த எலக்ட்ரான் 5, அப்போ டி5, 4எஸ்ல போன ரெண்டையும் சேத்தா மாங்கனீஸ், 25. இது ஈஸி. ஆனா 3.87னு குடுத்தா? தனித்த எலக்ட்ரான் 3, உடனே டி3, வனேடியம்னு எழுதிட்டு பசங்க அடுத்த கேள்விக்குப் போயிடுறாங்க. டி7லயும் மூணுதான் தனியா நிக்கும், கோபால்ட் 2+! அப்போ கேள்வில வேற எதாவது துப்பு இருக்கான்னு தேடணும், நிறமோ வேற எதாவதோ குடுத்திருப்பாங்க, இளஞ்சிவப்புன்னு இருந்தா கோபால்ட், ஊதான்னா வனேடியம். துப்பே இல்லன்னா ரெண்டையும் எழுதிடுங்க. டி5ஐத் தவிர எல்லாத்துக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு, டி1க்கு டி9, டி2க்கு டி8, டி4க்கு டி6.

நிறம்: இதுக்கு ஒரு முழு சாயங்காலம் ஒதுக்குங்க

எனக்கு இந்தப் பாடத்துல ரொம்பப் புடிச்ச பகுதி இது. பசங்க அதிகமா தப்பா எழுதுறதும் இங்கதான். "எலக்ட்ரான் மேல குதிச்சு கீழ வர்றப்போ நிறத்தை வெளியிடுது"ன்னு எழுதுவாங்க. தப்பு. அது சுடர் சோதனைக்குச் சொல்ற விளக்கம். இங்க நடக்குறது அப்படியே எதிர்ப்பக்கம்: வெளிச்சத்துல இருந்து ஒரு பகுதியை அயனி உறிஞ்சிக்குது, உறிஞ்சாம மிச்சம் வர்றதுதான் நம்ம கண்ணுக்கு நிறமா தெரியுது.

எப்படி உறிஞ்சுதுன்னா, தனியா இருக்குற அயனில அஞ்சு டி ஆர்பிட்டாலும் ஒரே ஆற்றல்ல இருக்கும். சுத்தி ஆறு ஈனி (உலோக அயனியோட ஒட்டிக்குற தண்ணி, அம்மோனியா மாதிரி மூலக்கூறு இல்லன்னா அயனி) வந்து நின்னதும் அந்த அஞ்சும் ரெண்டு குழுவா பிரியுது, மூணு கீழ, ரெண்டு மேல. இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியிற ஒளியோட ஆற்றல் அளவுக்கு இருக்குறதால, கீழ இருக்குற எலக்ட்ரான் அந்த ஒளியை எடுத்துட்டு மேல போகுது. இதுக்கு டி-டி பரிமாற்றம்னு பேர். டைட்டானியம் 3+ தண்ணில இருக்குறப்போ ஒரே ஒரு டி எலக்ட்ரான்தான், அது 500 நானோமீட்டர் பக்கத்துல நீலப்பச்சைப் பகுதியை உறிஞ்சுது, மிச்சம் ஊதாவாத் தெரியுது. எக்ஸாம்ல உதாரணம் குடுக்க இதைவிட சுத்தமானது கெடையாது.

இப்ப தாளைப் பாருங்க. ஸ்கேண்டியம் 3+ டி0, குதிக்க எலக்ட்ரானே இல்ல, நிறமில்ல. ஜிங்க் 2+ டி10, குதிச்சுப் போய் உக்கார மேல எடமே இல்ல, நிறமில்ல. காப்பர் 1+ம் டி10, அதே கதை. மனப்பாடம் எதுவும் தேவைப்படலயே இங்க!

ஈனியோட பங்கு என்னன்னு லேப்லயே பாக்கலாம். நீலமா இருக்குற காப்பர் சல்ஃபேட் படிகத்தைச் சோதனைக்குழாய்ல போட்டு மெதுவா சூடு பண்ணினா தண்ணி குழாயோட மேல்பக்கம் ஆவியா ஏறி துளித்துளியா படியும், கீழ இருக்குற பொடி ஓரத்துல இருந்து வெளுத்துக்கிட்டே வந்து கடைசில வெள்ளையா நிக்கும். ஆறவிட்டு ஒரு சொட்டு தண்ணி விட்டா அந்த எடம் மட்டும் நீலம் பரவும். காப்பர் 2+ அப்பவும் டி9தான் இப்பவும் டி9தான், எலக்ட்ரான் எண்ணிக்கை மாறவே இல்ல, காப்பரைச் சுத்தி நின்ன தண்ணி போனதும் ஆர்பிட்டால் பிரியிற விதம் மாறிடுச்சு, உறிஞ்சுற ஒளி கண்ணுக்குத் தெரியிற பகுதியில இருந்து வெளிய போயிடுச்சு. இதை ஒரு தடவ கண்ணால பாத்தவங்க "ஈனிகள் ஏன் தேவை"ன்ற கேள்வில தப்பே பண்ண மாட்டாங்க. அதே நீலக் கரைசல்ல அம்மோனியா நெறைய விட்டா கருநீலம், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டா மஞ்சள் கலந்த பச்சை, ஈனி மாறுது இடைவெளி மாறுது நிறம் மாறுது.

ரெண்டு எடத்துல மட்டும் கவனம். மாங்கனீஸ் 2+ல அஞ்சு எலக்ட்ரான் இருந்தும் நிறம் ரொம்ப வெளிறிப்போன இளஞ்சிவப்பு, கரைசல் நீர்த்துப் போனா நிறமே இல்லாத மாதிரி இருக்கும். அஞ்சும் ஒரே திசைல சுழலுது, மேல போகணும்னா ஒண்ணு சுழற்சியைத் திருப்பணும், அதுக்கு வாய்ப்பு கம்மி. இன்னொண்ணு பெர்மாங்கனேட். அதுல மாங்கனீஸ் +7, டி0, நம்ம கணக்குப்படி நிறமே இருக்கக் கூடாது, ஆனா அடர் ஊதா! டைக்ரோமேட் ஆரஞ்சுக்கும் இதே சந்தேகம் வரும், அதுலயும் குரோமியம் +6, டி0. இங்க ஆக்சிஜன்ல இருக்குற எலக்ட்ரான் உலோகத்துக்கு மாறுறதாலதான் நிறம் வருது, மின்சுமை மாற்றம்னு சொல்வாங்க. டி-டி பரிமாற்றம்னு எழுதினா மார்க் கெடைக்காது.

நிறப் பட்டியலைத் தாள்ல கடைசி வரியா எழுதிக்கோங்க: வனேடியம் 3+ பச்சை, குரோமியம் 3+ பச்சை அல்லது ஊதா, இரும்பு 2+ வெளிர்பச்சை, இரும்பு 3+ மஞ்சள் பழுப்பு, கோபால்ட் 2+ இளஞ்சிவப்பு, நிக்கல் 2+ பச்சை, காப்பர் 2+ நீலம்.

ஆக்சிஜனேற்ற நிலை

4எஸ்சும் 3டியும் ஆற்றல்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கு, அதனால ரெண்டுல இருந்தும் எலக்ட்ரான் வெளிய வரலாம், அதனால பல ஆக்சிஜனேற்ற நிலைகள். உச்ச நிலையைக் கண்டுபுடிக்க 3டி, 4எஸ் ரெண்டையும் கூட்டுங்க. ஸ்கேண்டியம் 3, டைட்டானியம் 4, வனேடியம் 5, குரோமியம் 6, மாங்கனீஸ் 7. மாங்கனீஸ்தான் உச்சி, அதுக்கப்புறம் எலக்ட்ரான் ஜோடி சேர ஆரம்பிக்கிறதால எறங்கிடும், இரும்புக்குப் பொதுவா +2, +3, நிக்கலுக்கு +2, ஜிங்க்குக்கு +2 மட்டும். இந்த நிலைங்க ஒண்ணு ஒண்ணா ஏறும், பி தொகுதில பெரும்பாலும் ரெண்டு ரெண்டா மாறும், இந்த வித்தியாசத்தை ஒரு வரில கேப்பாங்க.

வனேடியத்தை யாராவது உங்களுக்கு லேப்ல செஞ்சு காட்டினா விடாம பாருங்க. அமிலத்துல கரைச்ச அம்மோனியம் வனடேட் மஞ்சளா இருக்கும், ஜிங்க் போட்டுக் குலுக்கக் குலுக்க முதல்ல பச்சையாகி அப்புறம் நீலம், திரும்ப பச்சை, கடைசில ஊதா. +5, +4, +3, +2. முதல்ல வர்ற பச்சை தனி நிலை இல்ல, மஞ்சளும் நீலமும் கலந்து தெரியிறது, அதை நாலோட சேத்து எண்ணிடாதீங்க.

காரணம் கேக்குற கேள்விங்கள்ல அடிக்கடி வர்றது இது: குரோமியம் 2+, மாங்கனீஸ் 3+ ரெண்டுமே டி4, ஆனா ஒண்ணு ஆக்சிஜன் ஒடுக்கி, இன்னொண்ணு ஆக்சிஜனேற்றி, ஏன்? மாங்கனீஸ் 3+ ஒரு எலக்ட்ரானை வாங்கினா டி5, பாதி நெறஞ்ச நிலை, அதனால வாங்கத் துடிக்கும். குரோமியம் 2+ ஒரு எலக்ட்ரானைக் குடுத்தா டி3, தண்ணில எண்முகி அமைப்புல (ஆறு ஈனி சுத்தி நிக்கிற அமைப்பு) கீழ இருக்குற மூணு ஆர்பிட்டாலும் சரியா ஒவ்வொண்ணா நெறஞ்ச நிலை, அதனால குடுக்கத் துடிக்கும். எண்ணுல பாத்தா திட்ட மின்முனை மின்னழுத்தம் மாங்கனீஸ் 3+/2+க்கு +1.5 வோல்ட்டுக்கு மேல, குரோமியம் 3+/2+க்கு -0.41 வோல்ட். இரும்பு 3+/2+ நடுவுல +0.77.

காப்பர் 1+ டி10 ஆச்சே, அது ஏன் தண்ணில நிக்க மாட்டேங்குதுன்னு ஒரு நல்ல கேள்வி வரும். இங்க டி10 நிலைப்புத்தன்மையை நீரேற்ற ஆற்றல் ஜெயிச்சிடுது. காப்பர் 2+ சின்னது, மின்சுமை அதிகம், தண்ணி அதைப் புடிச்சுக்குறப்போ வெளிய வர்ற ஆற்றல் ரொம்ப அதிகம், ரெண்டாவது எலக்ட்ரானை எடுக்க ஆன செலவை அது ஈடுகட்டிடுது. அதனால ரெண்டு காப்பர் 1+ சேந்து ஒண்ணு காப்பர் 2+ ஆகும், இன்னொண்ணு காப்பர் உலோகமாகும், விகிதச்சிதைவு வினை.

ஆக்சைடுகளும் இதே வரிசைதான். ஆக்சிஜனேற்ற நிலை ஏற ஏற அமிலத்தன்மை ஏறும். குரோமியத்துல +2 காரம், +3 ஈரியல்பு (அமிலம், காரம் ரெண்டு கூடவும் வினைபுரியும்), +6 அமிலம்.

வேகமா முடிச்சிட்டுப் போக வேண்டியவை

உருகுநிலை: தனித்த டி எலக்ட்ரானுங்க உலோகப் பிணைப்புல கலந்துக்குறதால உருகுநிலை அதிகம், நடுவுல உச்சம், வனேடியம், குரோமியம் ரெண்டும் 1900 டிகிரி செல்சியஸ் பக்கத்துல. மாங்கனீஸ்ல 1246க்கு விழும், டி5 எலக்ட்ரானுங்க கெட்டியா இருக்குறதால பிணைப்புக்கு அவ்வளவா வராது. ஜிங்க் 420தான், டி10. மூணாவது வரிசைல டங்ஸ்டன் 3422, உலோகங்கள்லயே அதிகம்.

அணு ஆரம்: ஸ்கேண்டியத்துல இருந்து குறையும், நடுவுல கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஜிங்க்ல கொஞ்சம் கூடும். ஜிர்கோனியமும் ஹாஃப்னியமும் ஏறக்குறைய ஒரே அளவு, காரணம் லாந்தனைடு குறுக்கம் (நடுவுல வர்ற லாந்தனைடு தனிமங்கள்ல அளவு படிப்படியா சுருங்குறது). அளவு கிட்டகிட்ட இருக்குறதாலதான் ஒண்ணோட எடத்துல இன்னொண்ணு உக்காந்து உலோகக்கலவை சுலபமா உண்டாகுது. கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் மாதிரி குட்டி அணுங்க படிகத்தோட இடைவெளில போய் மாட்டிக்கிட்டா இடைச்செருகல் சேர்மம், கடினமா இருக்கும், உருகுநிலை கூடும், மின்சாரம் கடத்துறது அப்படியே இருக்கும்.

வினையூக்கிக்கு ரெண்டு காரணமும் எழுதணும்: பல ஆக்சிஜனேற்ற நிலை இருக்குறது, மேற்பரப்புல மூலக்கூறுகளைப் புடிச்சு வச்சுக்குறது. ரெண்டுக்கும் ஒவ்வொரு உதாரணம். மேற்பரப்புக்கு, அம்மோனியா தயாரிக்கிற ஹேபர் முறைல வர்ற இரும்பு. நிலை மாறுறதுக்கு பெர்சல்ஃபேட், அயோடைடு வினை அருமையானது: ரெண்டுமே நெகட்டிவ் மின்சுமை, ஒண்ணை ஒண்ணு தள்ளும், அதனால வினை மந்தம். நடுவுல இரும்பு 2+ போய் பெர்சல்ஃபேட்டுக்கு எலக்ட்ரான் குடுத்து 3+ ஆகும், அப்புறம் அயோடைடுகிட்ட எலக்ட்ரான் வாங்கித் திரும்ப 2+ ஆகும். ரெண்டு சமன்பாடும் எழுதிட்டா முழு மார்க்.

பெர்மாங்கனேட், டைக்ரோமேட்

இதுல எலக்ட்ரான் எண்ணிக்கைதான் உயிர். பெர்மாங்கனேட் அமில ஊடகத்துல 5 எலக்ட்ரான் வாங்கி மாங்கனீஸ் 2+ ஆகும், நடுநிலைல 3 வாங்கி பழுப்பு நிற மாங்கனீஸ் டைஆக்சைடு வீழ்படிவாகும், வலுவான கார ஊடகத்துல 1 வாங்கி பச்சை மாங்கனேட் ஆகும். மோலார் நிறை 158, சமான நிறை கேட்டா 5ஆல வகுத்து 31.6, 3ஆல வகுத்து 52.67. டைக்ரோமேட் அமிலத்துல 6 எலக்ட்ரான், 294ஐ 6ஆல வகுத்தா 49. இரும்பு 2+ கூட வினைன்னா பெர்மாங்கனேட் 1க்கு இரும்பு 5, டைக்ரோமேட் 1க்கு இரும்பு 6, ஆக்சலேட் கூடன்னா பெர்மாங்கனேட் 2க்கு ஆக்சலேட் 5.

பெர்மாங்கனேட் வச்சு தரம் பாக்குறப்போ (டைட்ரேஷன்) ஏன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடக்கூடாதுன்னா, பெர்மாங்கனேட் அதையே குளோரினா மாத்திடும், கணக்கு தப்பாப் போகும். நைட்ரிக் அமிலம் அதுவே ஆக்சிஜனேற்றி. அதனால நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம். ஆக்சாலிக் அமிலத்தை 60, 70 டிகிரி வரைக்கும் சூடு பண்ணிட்டு பெர்மாங்கனேட்டைச் சொட்டு சொட்டா விடுறப்போ முதல் ரெண்டு மூணு சொட்டு ஊதா உடனே மறையாது, கொஞ்சம் நின்னு மறையும், அப்புறம் விழ விழ மறைஞ்சிடும். தப்பா போச்சோன்னு பயப்படாதீங்க, முதல்ல உண்டான மாங்கனீஸ் 2+ அதே வினைக்கு வினையூக்கியா மாறிடுச்சு, தன்வினையூக்கம். வைவால இதைச் சொன்னீங்கன்னா பரீட்சகர் நிமிர்ந்து பாப்பார்.

குரோமேட் மஞ்சள், டைக்ரோமேட் ஆரஞ்சு, அமிலம் விட்டா ஆரஞ்சு பக்கம் போகும், காரம் விட்டா மஞ்சள் பக்கம். ரெண்டுலயும் குரோமியம் +6தான், இது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை இல்ல, இந்தப் பொறில நெறைய பேர் விழுறாங்க.

வீழ்படிவுகளைக் கதையா ஞாபகம் வைங்க

சோடியம் ஹைட்ராக்சைடு விட்டா காப்பர் 2+ நீல வீழ்படிவு, நிக்கல் 2+ பச்சை, இரும்பு 3+ செம்பழுப்பு, குரோமியம் 3+ சாம்பல் பச்சை, அதிகமா விட்டா கரைஞ்சு பச்சைக் கரைசலாகும், ஜிங்க் வெள்ளை, அதிகமா விட்டா கரைஞ்சு நிறமில்லாம ஆகும். இரும்பு 2+ அழுக்குப் பச்சை, ஆனா குழாயை அப்படியே ஸ்டாண்ட்ல வச்சிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாருங்க, காத்து படுற மேல்பக்கம் மட்டும் பழுப்பு வளையம் மாதிரி வந்திருக்கும், கீழ பச்சையாவே இருக்கும். காத்துல இருக்குற ஆக்சிஜன் 2+ஐ 3+ ஆக்கிடுச்சு. விடைல "வச்சிருந்தா மேற்பரப்பு பழுப்பாகும்"னு சேத்து எழுதுங்க, அதுக்குத் தனி மார்க் வைக்கிற கேள்வித்தாளுங்க உண்டு.

நாளை எப்படிப் பிரிக்கிறது

முதல் நாள் தாள் மட்டும்: பத்து பேர், அணு அமைப்பு, 2+ அயனி, 3+ அயனி, தனித்த எலக்ட்ரான், நிறம். பாத்து எழுதாதீங்க, எழுதிட்டுப் பாருங்க. ரெண்டாம் நாள் காலைல புதுத் தாள்ல திரும்ப எழுதிட்டு, காந்தத்தன்மை, நிறம் ரெண்டையும் முடிங்க. மூணாம் நாள் ஆக்சிஜனேற்ற நிலையும், வேகமா முடிக்கிறதுன்னு சொன்னேனே அதெல்லாமும். நாலாம் நாள் பெர்மாங்கனேட், டைக்ரோமேட், வீழ்படிவு, சமன்பாடுகளைக் கையால எழுதிச் சமன் பண்ணுங்க, படிச்சா மட்டும் வராது. அஞ்சாம் நாள் பழைய கேள்வித்தாள்ல இருந்து "காரணம் கூறு" கேள்வி மட்டும் ஒரு இருபது எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டே வரி. முதல் வரில அந்த அயனியோட டி அமைப்பு, ரெண்டாவது வரில அது என்ன செய்யுதுன்னு. "நிலைப்புத்தன்மை அதிகம்"னு மொட்டையா எழுதாம "3டி5, பாதி நெறஞ்சது, அதனால"ன்னு எழுதிப் பழகுங்க, திருத்துறவங்க தேடுறது அந்த 3டி5ஐத்தான்.

எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி புத்தகத்தைத் தொறக்க வேண்டாம். பத்து நிமிஷம் கடிகாரம் வச்சு அதே தாளைக் கடைசியா ஒரு தடவ எழுதுங்க, குரோமியம், காப்பர், இரும்பு 3+ இந்த மூணு கட்டத்தை மட்டும் புத்தகத்தோட ஒத்துப் பாத்துட்டு தூங்கப் போங்க. காலைல கேள்வித்தாள் கைக்கு வந்ததும், பேரு, நம்பர் எழுதி முடிச்ச கையோட, விடைத்தாளோட கடைசிப் பக்கத்துல பென்சிலால அந்தப் பத்து கட்டத்தையும் போட்டு வச்சிட்டு முதல் கேள்விக்குப் போங்க.